சப்லைம் டெக்ஸ்ட்டில் கோட் கம்ப்ளீஷன்: எதைப் போடுவது, எதை விடுவது

கோட் எழுதுகிற எடிட்டரான சப்லைம் டெக்ஸ்ட்டை இறக்கிப் போட்டாயிற்று. ஒரு பெயரை அடித்துப் புள்ளி வைத்ததும் அதில் உள்ள ஃபங்ஷன்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும் (இதற்குப் பெயர்தான் கோட் கம்ப்ளீஷன்) என்று பார்த்தால், அதே கோப்பில் நீங்கள் ஏற்கெனவே அடித்த நாலு வார்த்தைதான் திரும்பி வருகிறது. இணையத்தில் தேடினால் ஒருவர் அனகோண்டா என்ற பேக்கேஜை (எடிட்டரோடு கூடுதலாகச் சேர்க்கிற துணை நிரல்) போடு என்கிறார், இன்னொருவர் ஜெடை என்கிறார், மூன்றாமவர் சப்லைம் கோட்இன்டெல்தான் சிறந்தது என்று பத்து வருடத்துக்கு முன் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லாவற்றையும் போட்டால் ஒரே பரிந்துரை மூன்று முறை வரும், எடிட்டர் திணறும், எது வேலை செய்கிறது எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களின் லேப்டாப்பில் இந்தச் சிக்கலைப் பிரித்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது சப்லைம் டெக்ஸ்ட் 4-க்கு. 3 வைத்திருந்தால் முதலில் 4-க்கு மாறிவிட்டு மேலே படியுங்கள். மெனு, கட்டளை, கோப்புப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

1. எதையும் போடுவதற்கு முன் உள்ளதைச் சோதியுங்கள்

ஃபைல் மெனுவில் 'ஓப்பன் ஃபோல்டர்' போய் உங்கள் புராஜெக்ட் இருக்கிற ஃபோல்டரையே திறங்கள். ஒற்றைக் கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஏனென்றால் இங்கிருந்து சொல்லப்போகிற எல்லாமே எடிட்டருக்கு ஃபோல்டர் தெரிந்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஃபோல்டரைத் திறந்துவிட்டால், மற்ற கோப்புகளில் நீங்கள் எழுதிய ஃபங்ஷன், கிளாஸ் பெயர்களையும் சப்லைம் தானே பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு பரிந்துரைக்கும். ஹெச்டிஎம்எல் டேக், சிஎஸ்எஸ் பிராப்பர்ட்டி எல்லாம் பேக்கேஜ் எதுவும் இல்லாமலே வருகின்றன.

ஷெல் ஸ்கிரிப்ட், சின்னச் சின்ன கான்ஃபிக் கோப்புகள், கல்லூரி அசைன்மென்ட்டுக்கு ஒரு வெப் பேஜ், இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன், பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

இதனால் முடியாதது ஒன்று உண்டு. ஒரு வேரியபிள் என்ன வகை, அதில் என்னென்ன மெத்தட் இருக்கின்றன, நீங்கள் இம்போர்ட் செய்த லைப்ரரிக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் சப்லைமுக்குத் தெரியாது. பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து 'ஓஎஸ்' மாட்யூலை இம்போர்ட் செய்து, அடுத்த வரியில் 'ஓஎஸ்' என்று அடித்துப் புள்ளி வையுங்கள். 'லிஸ்ட்டிர்', 'கெட்சிடபிள்யூடி' என்று அந்த மாட்யூலில் உள்ளவை வர வேண்டும், வராது. இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் போட்டு முடித்த பிறகு இதையேதான் மறுபடி செய்து பார்க்கப் போகிறோம்.

2. செலவு எவ்வளவு, கையில் என்ன இருக்க வேண்டும்

கம்ப்ளீஷன் பேக்கேஜ்கள் அநேகமாக எல்லாமே இலவசம். காசு எடிட்டருக்குத்தான். சப்லைமை இறக்கிச் சோதித்துப் பார்க்கலாம், சோதனைக்குக் காலக்கெடு வைத்துப் பூட்டுவதில்லை, ஆனால் தொடர்ந்து பயன்படுத்துகிறவர் வாங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் விதி. சேமிக்கும்போது அவ்வப்போது வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். தனிநபர் லைசென்ஸ் 99 டாலர், அதில் 3 ஆண்டு அப்டேட் அடக்கம். 3 ஆண்டு முடிந்தாலும் அதற்குள் வந்த வெர்ஷன்களை எப்போதும் பயன்படுத்தலாம். நீங்கள் ஒருவரே பயன்படுத்துகிறவரை வீட்டு டெஸ்க்டாப்பிலும் அலுவலக லேப்டாப்பிலும் அதே கீ செல்லும். நிறுவனங்களுக்கு ஆண்டுச் சந்தா, ஆளுக்கு 65 டாலர், எண்ணிக்கை கூடினால் விலை குறையும். பணம் கட்டும் நாளில் அவர்கள் விலைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்திய வங்கிக் கார்டில் கட்டுகிறவர்கள், வங்கி ஆப்பில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலான கார்டுகளில் அது மூடியே இருக்கும். டாலருக்கு மாற்றுகிற கட்டணத்தை வங்கி தனியாகப் பிடிக்கும். அலுவலகத்தில் பணத்தைத் திரும்பப் பெறும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன்பே இன்வாய்ஸ் யார் பெயரில் வேண்டும் என்று கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். உங்கள் பெயரில் வந்த ரசீதை வைத்துக்கொண்டு பிறகு மல்லுக்கட்டுவது பெரிய தலைவலி.

லேப்டாப் பக்கம் பார்த்தால், சப்லைம் லேசானது, ஆனால் கம்ப்ளீஷன் தருகிற சர்வர்கள் (உங்கள் கம்ப்யூட்டரிலேயே பின்னால் ஓடுகிற புரோகிராம்கள்) அவ்வளவு லேசானவை இல்லை. பைத்தானுக்கோ ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ சில நூறு எம்பி ராம் போகும். ஜாவா சர்வர் சற்றுப் பெரிய புராஜெக்ட்டில் 1 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டும். 4 ஜிபி ராம் உள்ள பழைய மெஷினில் ஒரு நேரத்தில் ஒரு மொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு: நெட் ஓரளவு ஒழுங்காக இருந்தால் ஒரு மொழிக்கு எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அதில் இன்ஸ்டால் ஆவது ஐந்து நிமிடம், மிச்சம் உங்கள் புராஜெக்ட்டுக்குப் பொருத்துவது.

3. பேக்கேஜ் கன்ட்ரோலைப் போடுங்கள்

பேக்கேஜ்களை இறக்கித் தருவது பேக்கேஜ் கன்ட்ரோல்தான். டூல்ஸ் மெனுவில் 'இன்ஸ்டால் பேக்கேஜ் கன்ட்ரோல்' என்று இருக்கும், ஒரு கிளிக், அவ்வளவுதான். மெனுவில் அந்த வரி இல்லையென்றால் ஏற்கெனவே போட்டிருக்கிறது என்று பொருள். பழைய வழிகாட்டிகளில் கன்சோலைத் திறந்து ஒரு நீளமான பைத்தான் வரியை ஒட்டச் சொல்வார்கள், அது சப்லைம் 2, 3 காலத்துப் பழக்கம், இப்போது தேவையில்லை. எங்கிருந்தோ கிடைத்த கோடைக் கன்சோலில் ஒட்டுவதே நல்ல பழக்கமில்லை.

பிறகு கன்ட்ரோல்+ஷிப்ட்+பி அழுத்தினால் கமாண்ட் பேலட் திறக்கும் (மேக்கில் கமாண்ட்+ஷிப்ட்+பி). 'இன்ஸ்டால் பேக்கேஜ்' என்று அடித்து என்டர் தட்டினால் கொஞ்ச நேரத்தில் பட்டியல் வரும். வரவில்லையா? கல்லூரி அல்லது அலுவலக நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா? பேக்கேஜ் கன்ட்ரோலின் செட்டிங்ஸில் 'ஹெச்டிடிபி_பிராக்ஸி', 'ஹெச்டிடிபிஎஸ்_பிராக்ஸி' என்று இரண்டு இடம் இருக்கிறது, உங்கள் நெட்வொர்க் ஆட்களிடம் முகவரி கேட்டு நிரப்புங்கள். அல்லது போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுவிட்டு வாருங்கள், அதுதான் நடைமுறை.

4. பட்டியலைப் பார்த்ததும் கை போகக்கூடாத இடங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சப்லைமில் கம்ப்ளீஷனுக்கு இரண்டு தலைமுறை பேக்கேஜ்கள் இருக்கின்றன. பழையவை ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே செய்தன: பைத்தானுக்கு அனகோண்டா, ஜெடை, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு டெர்ன், எல்லாவற்றுக்கும் கோட்இன்டெல். புதிய முறையில் எல்எஸ்பி (லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்) என்ற ஒரே பேக்கேஜ் நடுவில் நிற்கும், அந்தந்த மொழிக்கான சர்வர் தனி புரோகிராமாகப் பின்னால் ஓடும். மற்ற எடிட்டர்களும் இதே சர்வர்களைத்தான் பயன்படுத்துகின்றன என்பதால் அவற்றைத் தொடர்ந்து கவனித்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் பழைய தலைமுறையைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அதில் சில இன்னும் வேலை செய்யும்தான், வேலை செய்யாமல் போகும் நாளில் கேட்க ஆளிருக்காது.

எந்த பேக்கேஜாக இருந்தாலும், பேக்கேஜ் கன்ட்ரோல் தளத்தில் அதன் பக்கத்துக்குப் போய் கடைசியாக எப்போது மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டவுன்லோடு எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள், அது பழைய காலத்திலிருந்து சேர்ந்துகொண்டே வந்த கூட்டல். ரெப்பாசிட்டரியில் (அதன் கோட் இருக்கிற இடம்) திறந்து கிடக்கிற இஷ்யூக்களுக்கு, அதாவது புகார்களுக்கு, யாராவது பதில் சொல்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

பெயரை வைத்து ஏமாறுகிற இடங்கள் சில. சப்லைமின் அனகோண்டா பேக்கேஜுக்கும் டேட்டா சயன்ஸ் ஆட்கள் போடுகிற அனகோண்டா பைத்தானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்எஸ்பி-ரஃப் பைத்தானுக்கு நல்ல பேக்கேஜ், ஆனால் அது தப்பைக் காட்டுவதற்கும் கோடின் அமைப்பைச் சீராக்குவதற்கும், கம்ப்ளீஷன் தராது. சப்லைம் லின்டரும் அப்படித்தான். பைலான்ஸ் என்று தேடுகிறவர்களும் உண்டு: அது மைக்ரோசாப்ட்டின் எடிட்டர்களுக்கு மட்டும் என்று அதன் லைசென்ஸே சொல்கிறது, சப்லைமில் கிடைக்காது. அதன் அடித்தளமான பைரைட் ஓப்பன் சோர்ஸ், அது கிடைக்கும், அதைத்தான் போடப் போகிறோம்.

ஏற்கெனவே பழைய பேக்கேஜ்கள் போட்டு வைத்திருந்தால் கமாண்ட் பேலட்டில் 'ரிமூவ் பேக்கேஜ்' கொடுத்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். இரண்டு தலைமுறையும் சேர்ந்து ஓடினால் இரட்டைப் பரிந்துரை நிச்சயம்.

5. எல்எஸ்பியும் உங்கள் மொழிக்கான துணை பேக்கேஜும்

முதலில் 'எல்எஸ்பி' என்ற பெயரில் உள்ள பேக்கேஜைப் போடுங்கள். போட்டதும் ஒன்றும் நடக்காது. அது சரிதான், அது வெறும் இணைப்பு. அடுத்து உங்கள் மொழிக்கான துணை பேக்கேஜ் வேண்டும். துணையை மட்டும் போட்டால் எல்எஸ்பி தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், வராது, இரண்டையும் நீங்கள்தான் போட வேண்டும். போட்டு முடித்ததும் எடிட்டரை ஒருமுறை மூடித் திறங்கள்.

பைத்தானுக்கு எல்எஸ்பி-பைரைட். ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் இரண்டுக்கும் எல்எஸ்பி-டைப்ஸ்கிரிப்ட் ஒன்றே போதும். சி, சி++ என்றால் எல்எஸ்பி-கிளாங்டி. பிஹெச்பிக்கு எல்எஸ்பி-இன்டெலிஃபென்ஸ்: கம்ப்ளீஷன் இலவசம், பெயர் மாற்றுவது போன்ற சில வசதிகளுக்குத்தான் தனி லைசென்ஸ், தொடக்கத்தில் வேண்டாம். ரஸ்ட்டுக்கு எல்எஸ்பி-ரஸ்ட்-அனலைசர், கோவுக்கு எல்எஸ்பி-கோபிஎல்எஸ், இவை இரண்டுக்கும் அந்த மொழியின் கருவிகள் கம்ப்யூட்டரில் முன்பே இருந்தாக வேண்டும். ஜாவாவுக்கு எல்எஸ்பி-ஜேடிடிஎல்எஸ் உண்டு, புதிய ஜேடிகே கேட்கும், ராமும் கேட்கும். பெரிய ஜாவா புராஜெக்ட்டில் வேலை செய்கிறவர் என்றால் சப்லைமோடு போராடாமல் ஜாவாவுக்கென்றே செய்த ஐடிஇ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் பைரைட், டைப்ஸ்கிரிப்ட், இன்டெலிஃபென்ஸ் போன்றவை நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டுகிற புரோகிராம்) ஓடுபவை. கம்ப்யூட்டரில் பொருத்தமான நோட் இல்லையென்றால் முதல் முறை ஒரு பெட்டி வந்து, இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். பயப்படாமல் சரி கொடுங்கள், அதைத் தனக்கென்று தனி ஃபோல்டரில்தான் வைத்துக்கொள்ளும், உங்கள் மற்ற வேலைகளைத் தொடாது. கேன்சல் கொடுத்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய.

இன்னொன்று சேர்த்துப் போடச் சொல்வேன்: எல்எஸ்பி-ஜேசான். நீங்கள் ஜேசான் எழுதாதவராக இருந்தாலும் சரி. சப்லைமின் செட்டிங்ஸ் கோப்புகளும் ஜேசான் வடிவில்தான் இருக்கின்றன, இது இருந்தால் செட்டிங் பெயரைப் பாதி அடித்ததும் மீதி வரும், தப்பாக அடித்தால் அடிக்கோடு போடும். கீழே செட்டிங்ஸ் மாற்றுகிற இடங்களில் இது காப்பாற்றும்.

போட்டாயிற்றா? உங்கள் ஃபோல்டரில் ஒரு கோப்பைத் திறந்து கீழே ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். சர்வரின் பெயர் தெரிந்தால் ஓடுகிறது. முதல் படியில் செய்த புள்ளிச் சோதனையை இப்போது செய்யுங்கள், 'லிஸ்ட்டிர்' வந்து நிற்கும்.

6. பைத்தான்காரர்களுக்கு: லைப்ரரியைக் காணவில்லை என்கிறதா

'ஓஎஸ்' வருகிறது, ஆனால் நீங்கள் பிப்பில் போட்ட ரிக்வெஸ்ட்ஸோ ஜாங்கோவோ வரவில்லை, இம்போர்ட் வரியின் கீழே கோடு போட்டு 'ரிசால்வ் செய்ய முடியவில்லை' என்கிறது. ஆனால் டெர்மினலில் அதே புரோகிராம் ஓடுகிறது. உடனே பேக்கேஜைக் குற்றம் சொல்லி வேறொன்றைப் போட்டுப் பார்ப்பார்கள், அதிலும் அதே கதை. லைப்ரரியை நீங்கள் போட்டது புராஜெக்ட்டின் வென்வுக்குள் (அந்த புராஜெக்ட்டுக்கு மட்டுமான தனி பைத்தான் ஃபோல்டர்), பைரைட் பார்த்துக்கொண்டிருப்பது கம்ப்யூட்டரின் பொது பைத்தானை. அதற்கு வழி சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது.

புராஜெக்ட் ஃபோல்டரின் மேல்மட்டத்திலேயே 'பைரைட்கான்ஃபிக் டாட் ஜேசான்' என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். அதில் இரண்டே வரி: 'வென்வ்பாத்' என்பதற்கு ஒற்றைப் புள்ளி, அதாவது இதே ஃபோல்டர், 'வென்வ்' என்பதற்கு உங்கள் வென்வ் ஃபோல்டரின் பெயர், பெரும்பாலும் புள்ளியில் தொடங்கும் 'டாட் வென்வ்'. இங்கே கவனிக்க வேண்டியது, வென்வ்பாத் என்பது வென்வ் ஃபோல்டரின் முகவரி இல்லை, அந்த ஃபோல்டர் எதற்குள் இருக்கிறதோ அதன் முகவரி. இதைக் குழப்பிக்கொண்டால் எர்ரர் அப்படியே நிற்கும். சேமித்துவிட்டு கமாண்ட் பேலட்டில் 'எல்எஸ்பி: ரீஸ்டார்ட் சர்வர்' கொடுங்கள்.

அடுத்த புகார், "கோட் சரியாக ஓடுகிறது, ஆனால் கோப்பு முழுக்கச் சிவப்புக் கோடு". பைரைட் அடிப்படையில் டைப் சரிபார்க்கிற கருவி, கம்ப்ளீஷன் அதன் கூடுதல் வசதி. டைப் குறிப்பு எதுவும் எழுதாத பழைய கோடைப் பார்த்தால் அது புலம்பத்தான் செய்யும். அதே கான்ஃபிக் கோப்பில் 'டைப்செக்கிங்மோட்' என்பதை 'ஆஃப்' என்று வையுங்கள், கம்ப்ளீஷன் அப்படியே இருக்கும், புலம்பல் பெருமளவு அடங்கும். டைப் எழுதப் பழகிய பிறகு 'பேசிக்' ஆக்கிக்கொள்ளலாம்.

நோட் வேண்டவே வேண்டாம் என்கிறவர்களுக்கு எல்எஸ்பி-பைஎல்எஸ்பி இருக்கிறது, அது பைத்தானிலேயே எழுதியது, உள்ளே ஜெடையைப் பயன்படுத்துகிறது. பைரைட்டோடு சேர்த்து இதையும் போடாதீர்கள். ஒரு மொழிக்கு ஒரு கம்ப்ளீஷன் சர்வர் போதும்.

7. சி++ காரர்களுக்கு: ஹெட்டர் கிடைக்கவில்லை என்கிறதா

விண்டோஸில் மிங்க்டபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர், ஜி++ அதன் சி++ கட்டளை) போட்டு, போட்டிக்குப் புரோகிராம் எழுதுகிற மாணவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். முதல் வரியில் 'பிட்ஸ்/எஸ்டிடிசி++ டாட் ஹெச்' இன்க்ளூட் செய்திருப்பார்கள், ஜி++ ஒரு குறையும் சொல்லாமல் கம்பைல் செய்யும், கிளாங்டி மட்டும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சாதிக்கும். அந்த முதல் வரி போனால் அதற்குக் கீழே வெக்டர், மேப் எதுவும் அதற்குத் தெரியாது, கம்ப்ளீஷனும் வராது. அந்த ஹெட்டர் ஜிசிசியோடு வருவது. விண்டோஸில் கிளாங்டி தானாக விஷுவல் ஸ்டுடியோவின் ஹெட்டர்களைத்தான் தேடும், உங்கள் மிங்க்டபிள்யூ இருக்கிற பக்கமே திரும்பாது.

டெர்மினலில் ஜி++ கட்டளைக்குப் பின்னால் '-டம்ப்மெஷின்' என்று கொடுங்கள், ஒரு பெயர் அச்சாகும். ஃபோல்டரில் 'காம்பைல்_ஃபிளாக்ஸ் டாட் டிஎக்ஸ்டி' என்ற கோப்பை உருவாக்கி, ஒரு வரியில் '--டார்கெட்' சமம் போட்டு அந்தப் பெயர், அடுத்த வரியில் நீங்கள் பயன்படுத்துகிற சி++ ஸ்டாண்டர்டின் ஃபிளாக், அவ்வளவு போதும். ஒரு வரிக்கு ஒரு ஃபிளாக்தான், இரண்டை ஒரே வரியில் எழுதினால் எடுத்துக்கொள்ளாது. மிங்க்டபிள்யூவில் 'பின்' என்ற பெயருள்ள ஃபோல்டர், கட்டளைகளைத் தேடுகிற 'பாத்' பட்டியலில் இருக்க வேண்டும்.

சிமேக் பயன்படுத்துகிற பெரிய புராஜெக்ட்டுக்கு இந்தக் கோப்பு போதாது. அங்கே 'சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ்' ஆப்ஷனை ஆன் செய்து ஒருமுறை கான்ஃபிகர் ஓட்டினால் பில்ட் ஃபோல்டரில் 'கம்பைல்_கமாண்ட்ஸ் டாட் ஜேசான்' உருவாகும். புராஜெக்ட்டின் மேல்மட்டத்திலோ 'பில்ட்' என்ற பெயருள்ள ஃபோல்டரிலோ அது இருந்தால் கிளாங்டி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பில்ட் ஃபோல்டருக்கு விதவிதமாகப் பெயர் வைத்திருப்பவர்கள் ஒரு காப்பியை மேலே கொண்டுவந்து வைக்க வேண்டியதுதான்.

8. பரிந்துரைப் பெட்டி எரிச்சல் மூட்டினால்

வரியை முடித்துவிட்டு என்டர் தட்டினால் அடுத்த வரிக்குப் போகாமல் பெட்டியில் இருந்த ஏதோ ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். லூவாவில் 'எண்ட்' என்று அடித்து என்டர் தட்டியதும் 'எண்ட்_டைம்' வந்து உட்காருவது இப்படித்தான். பிரிஃபரன்ஸஸ் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, வலது பக்கக் கோப்பில் 'ஆட்டோ_கம்ப்ளீட்_கமிட்_ஆன்_டேப்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். பிறகு டேப் அழுத்தினால்தான் பரிந்துரை ஏறும், என்டர் என்டராகவே இருக்கும். இதை ஏன் தொடக்கத்திலிருந்தே இப்படி வைக்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இடது பக்கம் தெரிகிற கோப்பு சப்லைமின் சொந்தக் கோப்பு, அதில் எழுத முடியாது, மாற்றுவது எப்போதும் வலது பக்கம்தான்.

எம்மெட் (ஹெச்டிஎம்எல் சுருக்கத்தை விரித்துத் தருவது) பேக்கேஜும் போட்டிருப்பவர்கள் கவனம், அதுவும் டேப்பைத்தான் பிடித்துக்கொள்ளும். ஹெச்டிஎம்எல் கோப்பில் டேப் எதிர்பாராத மாதிரி நடந்துகொண்டால் முதல் சந்தேகம் அதன்மேல் வையுங்கள்.

ஸ்னிப்பெட்கள் (தயாராக வைத்த கோட் துண்டுகள்) பெட்டியை அடைத்துக்கொண்டு நின்றால் எல்எஸ்பியின் செட்டிங்ஸில் 'இன்ஹிபிட்_ஸ்னிப்பெட்_கம்ப்ளீஷன்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். கமென்ட்டுக்குள் பெட்டி தானாக வரவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அது வேண்டுமென்றே அப்படி வைத்தது, விட்டுவிடுங்கள்.

நம் ஆட்களுக்கே உள்ள பிரச்சினை ஒன்று. பெட்டியை நாமாக வரவழைக்கிற விசை கன்ட்ரோல்+ஸ்பேஸ். மேக்கில் கீபோர்டு மொழி மாற்றுவதற்கும் லினக்ஸில் எஃப்சிஐடிஎக்ஸ் என்ற மொழி உள்ளீட்டுக் கருவி வைத்திருந்தால் அதைத் தட்டி எழுப்புவதற்கும் அதே விசைதான். தமிழும் ஆங்கிலமும் மாற்றி மாற்றி அடிக்கிறவர் என்றால் கன்ட்ரோல்+ஸ்பேஸ் சப்லைம் வரை வந்தே சேராது, கீபோர்டு தமிழுக்கு மாறி கோடுக்கு நடுவே 'ப' வந்து நிற்கும். பிரிஃபரன்ஸஸில் 'கீ பைண்டிங்ஸ்' போய் 'ஆட்டோ_கம்ப்ளீட்' என்ற கட்டளைக்கு வேறு விசை ஒதுக்கிக்கொள்ளுங்கள், அல்லது மொழி மாற்றும் விசையை மாற்றுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்திருக்கிறேன், எந்த எடிட்டருக்குப் போனாலும் கை அதே இடத்துக்குப் போகிறது.

9. ஏஐ பேக்கேஜ் வேண்டுமா

எல்எஸ்பி-கோபைலட் என்று ஒன்று இருக்கிறது, ஆர்வலர்கள் எழுதியது, கிட்ஹப்பின் அதிகாரபூர்வ வெளியீடு அல்ல. கிட்ஹப் கணக்கில் கோபைலட் (கோடை எழுதித் தருகிற ஏஐ சேவை) இயக்கியிருக்க வேண்டும். 2024 டிசம்பரில் இலவசத் திட்டம் வந்தபோது மாதத்துக்கு 2000 கம்ப்ளீஷன் என்று அளவு வைத்தார்கள். திட்டமும் விலையும் அடிக்கடி மாறுவதால் சேரும்போது இருக்கிற நிலவரத்தைப் பாருங்கள்.

நான் புதியவர்களிடம் சொல்வது, மேலே உள்ளதெல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு இதைத் தொடுங்கள் என்பதுதான். எல்எஸ்பி தருகிற பட்டியலில் உள்ள மெத்தட் உண்மையிலேயே அந்த லைப்ரரியில் இருக்கும். ஏஐ எழுதித் தருகிற மெத்தட் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைப் பிரித்தறிய உங்களுக்கு முதல் பட்டியல் தேவைப்படும். அலுவலகக் கோடாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்காமல் போடாதீர்கள், நீங்கள் அடிப்பது வெளி சர்வருக்குப் போகிறது. வாய்மொழியாக "சரி போட்டுக்கொள்" என்று டீம் லீட் சொன்னது நாளைக்கு நிற்காது, ஒரு மின்னஞ்சல் இருக்கட்டும்.

10. ஒன்றும் வரவில்லை என்றால் பார்க்கும் வரிசை

ஃபோல்டர் திறந்திருக்கிறதா, ஒற்றைக் கோப்பா? கோப்பு சேமித்ததா, வலது கீழ் மூலையில் மொழியின் பெயர் சரியாக இருக்கிறதா? 'ப்ளெயின் டெக்ஸ்ட்' என்று இருந்தால் எந்த சர்வரும் எழுந்திருக்காது, பெயர் வைக்காத புதுக் கோப்பில் எப்போதும் நடப்பது இது. ஸ்டேட்டஸ் பாரில் சர்வர் பெயர் இல்லையென்றால் கமாண்ட் பேலட்டில் 'எல்எஸ்பி: ட்ரபிள்ஷூட் சர்வர்' கொடுத்து உங்கள் சர்வரைத் தேர்ந்தெடுங்கள். அது எந்தப் பாத்தில் தேடியது, ஏன் நின்றது என்று ஒரு அறிக்கையாகவே திறந்து காட்டும். யாரிடமாவது உதவி கேட்பதென்றால் அந்த அறிக்கையை அப்படியே ஒட்டிக் கேளுங்கள், "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரிக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஒட்டும் முன் அதில் உங்கள் பெயர், அலுவலக ஃபோல்டர் பெயர் ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள்.

எடிட்டரே மெதுவாகிவிட்டது, எந்த பேக்கேஜ் காரணம் என்று தெரியவில்லை என்றால் டெர்மினலில் சப்லைமை '--சேஃப்-மோட்' ஆப்ஷனோடு திறங்கள். பேக்கேஜ் எதுவும் இல்லாமல் திறக்கும். அதில் வேகமாக இருந்தால் உங்கள் பேக்கேஜில் ஒன்றுதான் காரணம், 'டிசேபிள் பேக்கேஜ்' கொடுத்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

11. எல்லாம் ஓடுகிற நாளில் ஒரு காப்பி

பிரிஃபரன்ஸஸில் 'பிரவுஸ் பேக்கேஜஸ்' கொடுத்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும், அதற்குள் 'யூசர்' என்று இருப்பதை மட்டும் காப்பி எடுத்து வையுங்கள். உங்கள் செட்டிங்ஸ், விசை மாற்றங்கள், எந்தெந்த பேக்கேஜ் போட்டிருக்கிறீர்கள் என்ற பட்டியல் எல்லாம் அதில் அடக்கம். புது லேப்டாப் வந்தால் சப்லைம், பேக்கேஜ் கன்ட்ரோல் இரண்டையும் போட்டு, எடிட்டரை மூடி, இந்த 'யூசர்' ஃபோல்டரை அதே இடத்தில் வைத்துத் திறங்கள், பட்டியலில் உள்ளதையெல்லாம் அதுவே இறக்கிக்கொள்ளும். முதல் முறை திறக்கும்போது எல்லாம் இறங்கி முடிகிறவரை எர்ரர் பெட்டிகள் சில வரும், முடிந்ததும் ஒருமுறை மூடித் திறந்தால் போய்விடும்.

பைரைட்கான்ஃபிக்கும் காம்பைல்_ஃபிளாக்ஸும் இந்தக் காப்பியில் வராது, அவை புராஜெக்ட்டோடு இருப்பவை, 'கிட்' என்ற கோட் மாற்றங்களைச் சேமிக்கிற கருவியில் சேர்த்துவிடுங்கள். வென்வ் ஃபோல்டரைச் சேர்க்காதீர்கள். லைசென்ஸ் கீயும் 'யூசர்' ஃபோல்டரில் இல்லை, அது வந்த மின்னஞ்சலைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.